துறைமுகக் குமாஸ்தா கணித மேதை இராமாநுஜன்

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியோரின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது நாம் சிறிது தயங்கினோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டவர் நாம். செய்யும் தொழிலோ இரயில்வே குமாஸ்தா வேலை. அதுவும் இரயிலே ஓடாத இந்த அந்தமான் தீவிலே, கப்பலேறித் தாயகம் செல்வோர்க்கு அக்கரையில் ஏறவேண்டிய வண்டிக்குச் சீட்டுப் பதிவு செய்து கொடுக்கும் பணி. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு யாதொரு தகுதியும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு நம் காலனியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதனை முதலில் கூறிவிடுகிறோம்.

பத்தாம் வகுப்பிற் பயிலும் ஒரு பிள்ளை கணக்குப் பாடத்தில் தவறிவிட்டான். அவன் தந்தை நம் நண்பர். கஷ்ட ஜீவனம் உடையவர். இனிப் படிப்பு எதற்கு, பையனை மோட்டார் ஒர்க்ஷாப்பிற் சேர்த்துவிடுகிறேன் என்று மதிப்பெண் தாளை நம்மிடம் நீட்டினார். நாமோ பையனின் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். இருபடிச் சமன்பாட்டுக்கு மூலங்கள் காணும் கணக்கு அதில் இருந்தது. விடை சரி. ஆனால் புத்தகத்துச் சூத்திரப்படி செய்யவில்லை என்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. பையன் எவ்வாறு செய்தான் என்பதைப் பார்த்தபோது நமக்கு வியப்பு உண்டாயிற்று.

கணக்கு இதுதான். ஓர் எண்ணை அதே எண்ணாற் பெருக்கி, அதிலிருந்து அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கழித்து, 21-ஐக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். அவ்வெண் யாது? பையன் பத்தில் பாதி 5 என்று எழுதினான். 5-இன் வர்க்கம் 25. அதிலிருந்து 21 போக மிச்சம் 4. அதன் வர்க்கமூலம் 2. ஐந்திலிருந்து இரண்டு பின்னே போனால் 3; இரண்டு முன்னே போனால் 7. விடை 3, 7. சரிபார்த்துக் கொள்ளலாம்: 9-இலிருந்து 30-ஐக் கழித்து 21 கூட்டினால் பூஜ்யம், 49-இலிருந்து 70-ஐக் கழித்து 21 கூட்டினாலும் பூஜ்யம். புத்தகத்துச் சூத்திரமும் உள்ளூர இதையேதான் செய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்ரீதராசாரியர் வர்க்கத்தை நிறைவாக்கிக் காட்டிய வழியின் உட்பொருளும் இதுவே. பையன் அதனைத் தானே கண்டுகொண்டிருந்தான்.

இதன் வடிவத்தையும் நம் தாய்மார்களுக்கு விளங்குமாறு சொல்லலாம். இக்கணக்கைக் கட்டத்தாளில் வரைந்தால் ஏணையில் தொங்கும் தூளித் துணிபோல் ஒரு வளைகோடு கிடைக்கும். குறுக்கே செல்லும் எக்ஸ் அச்சு என்னும் கோட்டைக் கடல்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். தூளியின் அடி நீருக்குள் முழுகினால் துணி இரண்டு இடங்களில் நீர்மட்டத்தை வெட்டும். அவ்விரண்டு இடங்களே 3-ம் 7-ம். கூட்டும் எண்ணை 21-க்குப் பதிலாக 25 என்று மாற்றினால் தூளி மேலே ஏறி 5 என்னும் ஒரே இடத்தில் நீரைத் தொட்டு நிற்கும். 29 என்று மாற்றினாலோ நீரைத் தொடாமலே அந்தரத்தில் தொங்கும். அப்பொழுது பாதியின் வர்க்கமாகிய 25-இலிருந்து 29-ஐக் கழிக்க நேர்வதால் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. இவ்வளவுதான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அச்சுறுத்தும் அப்பாடத்தின் சாரம்.

மதிப்பெண் தாளைப் பார்த்தவர் பலர். நோட்டைப் பார்த்தவர் இல்லை. இதனை எண்ணியபோது, நோட்டுப் புத்தகங்களையே தம் சொத்தாகச் சுமந்துகொண்டு வீடு வீடாக அலைந்த ஒருவர் நம் நினைவுக்கு வந்தார். அவரும் மெட்ரிகுலேஷன் தேறியவர், அவரும் குமாஸ்தா. அதற்கு மேல் அவருக்கும் நமக்கும் ஒப்புமை கிடையாது. அவரே கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன் அவர்கள்.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறிது வருவாய் ஈட்டி வந்தவர். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர்கள் வாழ்ந்த சிறு வீடு இன்றும் நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இரண்டு வயதில் வைசூரி கண்டு பிழைத்தெழுந்த அக்குழந்தை, 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் ஜில்லாவிலேயே முதன்மையாகத் தேறி, மறு ஆண்டு டவுன் ஹைஸ்கூலிற் சேர்ந்தது.

அங்கே அவருக்கு ஏற்பட்ட கணித வேட்கையின் படிகளைக் கவனித்தல் வேண்டும். நம் காலனிப் பையன் நின்றுவிட்ட இருபடிச் சமன்பாடு அவருக்கு முதற்படியாக இருந்தது. 1902-இல், பதினைந்து வயது நிரம்பும் முன்னரே, முப்படிச் சமன்பாட்டை விடுவிக்கும் முறை அவருக்குக் காட்டப்பட்டது. எண்ணின் வர்க்கத்தோடு அதன் கனமும் சேர்ந்து வரும் கணக்கு அது. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில்தான் அதற்குப் பொதுவழி பிறந்தது. 1545-இல் கார்டானோ என்னும் இத்தாலியர் அதனை நூலாக வெளியிட்டார். இராமாநுஜன் அம்முறையைக் கற்றதோடு நில்லாது, நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழி கண்டார். கண்டபின் ஐம்படிச் சமன்பாட்டையும் அவ்வாறே விடுவிக்க முனைந்தார். அது முடியவில்லை.

அது முடியாதது அவர் குற்றமன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றைக் கொண்டு ஐம்படிச் சமன்பாடு அனைத்திற்கும் பொதுவான ஒரு சூத்திரம் அமைத்தல் இயலாது என்பதை நார்வே நாட்டு இளைஞர் ஆபெல் 1824-இலேயே நிறுவிவிட்டார். அச்செய்தி கும்பகோணத்துச் சிறுவருக்கு எட்டவில்லை. எடுத்துச் சொல்வாரும் அருகில் இல்லை. திறமைக்குத் துணையில்லாவிடில் எத்தனை உழைப்பு மூடிய கதவில் மோதிச் செலவாகிறது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்றாகும்.

1903-ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை விளக்கமின்றி வரிசையாக அடுக்கிவைத்த நூல் அது. தேர்வுக்குப் படிப்போர்க்கென எழுதப்பெற்ற அந்நூலை இராமாநுஜன் ஒவ்வொரு தேற்றமாகத் தாமே நிறுவிப் பார்த்தார். காகிதத்துக்குப் பணம் இல்லை. ஆகவே சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. பிற்காலத்தில் அவர் நோட்டுகளில் முடிவுகள் இருந்தும் நிறுவல்கள் இல்லாமற் போனமைக்கு இந்த வறுமையும் ஒரு காரணம்.

1903 இறுதியில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-இல் கணிதத்துக்காகப் பள்ளியில் ரங்கநாத ராவ் பரிசு பெற்று, உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புகுந்தார். அங்கேதான் சரிவு தொடங்கியது. கணக்கைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் போயிற்று. மானம் தாளாது 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எப்.ஏ. தேர்வு எழுதினார், தவறினார். 1907-இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். உடற்கூற்றுப் பாடத்தில் அவர் பெற்ற மதிப்பெண் மிகவும் பரிதாபமானது. உலகம் போற்றப்போகும் ஒருவர் தம் இருபதாம் வயதில் பட்டமும் இன்றி, வேலையும் இன்றி, பெற்றோர்க்குச் சுமையாய்த் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தாயார் அவருக்கு ஜானகி அம்மாளை மணம் முடித்து வைத்தார். அக்கால வழக்கப்படி பெண்ணுக்கு அப்போது பத்து வயதுதான். குடும்பப் பொறுப்பு வந்ததால் வேலை தேடுவது அவசியமாயிற்று. 1910-இல், நோட்டுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவலூர் சென்றார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். இராமாநுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. இராமசுவாமி ஐயர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். பார்த்தவர், இத்தகையவரைத் தாலுகா ஆபீசில் அடைத்துவைத்தல் பாவம் என்று கருதி, அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே பேராசிரியர் சேஷு ஐயர் பார்த்தார். அவர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றாராயினும், பொறுமையுடன் கேட்டு உண்மை உணர்ந்து, சில காலம் மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்து வந்தார்.

1911-இல் கணிதச் சங்கத்து இதழில் இராமாநுஜன் ஒரு வினா விடுத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது வினா. மாதங்கள் பல கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3. அதன் இரகசியத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறியலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1-உடன் 2-இன் 4 மடங்கு சேர்ந்தது. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1-உடன் 3-இன் 5 மடங்கு சேர்ந்தது. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1-உடன் 4-இன் 6 மடங்கு சேர்ந்தது. இவ்வாறே முடிவின்றிச் செல்லலாம். அதே ஆண்டில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற்கட்டுரையும் அவ்விதழில் வெளிவந்தது.

பிறர் பணத்தில் நெடுநாள் வாழ அவர் மனம் ஒப்பவில்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாக வேலை ஏற்றார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அன்பர்களே, அது நாம் கப்பல் ஏறி வந்த அதே துறைமுகம்! மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் கப்பலுக்குக் காத்து நின்றோமே, அதே துறைமுகத்து ஆபீசில்தான் அவர் பேரேட்டை வைத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் கட்டுக்காகிதத்தில் கணக்கு எழுதினார்.

அங்கும் நோட்டைப் பார்க்கும் கண்கள் இருந்தன. மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் பயின்றவர். மாலை வேளைகளில் இராமாநுஜனோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இரயில்வேப் பொறியாளராகப் பெயர் பெற்றவர். முப்பது ரூபாய்க் குமாஸ்தா ஒருவருக்காக அவர் பெரிய இடங்களுக்கெல்லாம் எழுதினார். தம் கீழே வேலை செய்பவன் மேலே போகிறான் என்றால் மனம் புழுங்கும் அதிகாரிகளை ஆபீசுகளில் நாம் காண்பதுண்டு. அவ்விருவரும் அத்தகையவர் அல்லர்.

இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர்களுக்கு இராமாநுஜன் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இருவர் ஆதரவு தரவில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் மூன்றாமவராகிய ஹார்டிக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்களோடு எழுதினார். ஹார்டி முதலில் இதனை யாரோ ஒரு பித்தரின் வேலை என்றே எண்ணினாராம். ஆயினும் தாள்களை எறிந்துவிடவில்லை. அன்று இரவு நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நள்ளிரவுக்குள் எழுதியவர் மேதை என்னும் முடிவுக்கு இருவரும் வந்தனர். இருவர் கைவிட்ட கடிதவழி முயற்சி மூன்றாமவர் செலவழித்த ஓர் இரவினால் பயன் தந்தது.

அதன் விளைவாகச் சென்னைப் பல்கலைக் கழகம், பட்டம் இல்லாதவர்க்கு இல்லை என்ற தன் விதியைத் தளர்த்தி, 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை அளித்தது. ஹார்டியோ அவரைக் கேம்பிரிட்ஜுக்கே அழைத்தார். இங்கேதான் பெருந்தடை குறுக்கிட்டது. கடல் கடந்தவன் சாதியாசாரத்துக்குப் புறம்பானவன் என்று கருதப்பட்ட காலம் அது. முதலில் இராமாநுஜன் மறுத்துவிட்டார். 1914 தொடக்கத்தில் சென்னை வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் அவர் நோட்டுகளைக் கண்டு, பயணத்துக்கு ஏற்பாடு செய்ய முற்பட்டார். தாயாரும் குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரைக் கனவிற் கண்டு இசைந்தார் என்பர். ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகை கிடைத்தது. அதில் மாதம் 60 ரூபாய் குடும்பத்துக்குச் சேருமாறு அவர் ஏற்பாடு செய்துகொண்டார். மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்க்கு அதன் அருமை தெரியும். குடுமியைக் களைந்து, பழகாத உடையும் காலணியும் அணிந்து, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். நாம் மூன்று நாட் கடலையே பெரிதாகப் பேசுகிறோம். அவர் கடந்தது நான்கு வாரக் கடல்.

டிரினிடிக் கல்லூரியில் அவர் செய்த ஆராய்ச்சிகள் பல. எல்லாம் நம் அறிவுக்கு எட்டுவன அல்ல. எட்டுவனவற்றில் இரண்டைக் கூறுவோம். 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுக்கும் எண்கள் இல்லை. 24, 36, 48, 60 என்பனவும் இவ்வகையினவே. இத்தகைய எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. எப்.ஏ. இருமுறை தவறியவர் பெற்ற பட்டம் அது!

இரண்டாவது, ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம் என்பது. 4 ரூபாயை முழு ரூபாய்களாக 4, 3-1, 2-2, 2-1-1, 1-1-1-1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 ரூபாயை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? விடை 39,72,99,90,29,388. ஏறத்தாழ 3,97,300 கோடி வகை! இதனை எண்ணிப் பாராமலே கணித்தறியும் சூத்திரத்தை ஹார்டியும் இராமாநுஜனும் 1918-இல் வெளியிட்டனர்.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார். இராமாநுஜன் மரக்கறி உணவே கொள்பவராதலின் தாமே சமைத்து உண்டார். நேரந் தவறி உண்டார். சில நாள் உண்ணாமலே வேலை செய்தார். குளிரும் தனிமையும் வாட்டின. வீட்டிலிருந்து மனைவியின் கடிதங்களும் வரவில்லை. 1917 முதல் மருத்துவ விடுதிகளில் காலம் கழிந்தது. 1918-இன் தொடக்கத்தில் மனம் முற்றிலும் சோர்ந்த ஒரு நாளில் இலண்டன் சுரங்க இரயிலின் பாதையில் வீழ்ந்தார் என்றும், நிலையத்து ஊழியர் ஒருவர் கண்டு விசையை நிறுத்தியதனால் வண்டி சில அடித் தொலைவில் நின்று உயிர் தப்பினார் என்றும் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். பெயர் அறியப்படாத அந்த இரயில்வேத் தோழரை எண்ணி, அதே தொழிலினராகிய நாம் கை கூப்புகிறோம். அயலூரிற் படிக்கவோ உழைக்கவோ சென்ற பிள்ளை கடிதத்திலும் தொலைபேசியிலும் நலம் என்று சொன்னாலும், குரலின் சோர்வைப் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும்.

அதே ஆண்டு மே மாதம் ராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமை பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிடிக் கல்லூரி தன் பெல்லோவாக ஏற்றது. அப்பதவி பெற்ற முதல் இந்தியரும் அவரே. நோயுற்றிருந்தவரைப் பார்க்கவந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 சுவையற்றது என்றபோது, அதனை மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவிதம் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று நோயாளி சொன்னதைப் பலரும் அறிவர். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. படுக்கையிலும் எண்கள் அவருக்கு உறவினராக இருந்தன.

1919 மார்ச்சு இறுதியில் தாயகம் திரும்பினார். கும்பகோணம், சென்னை எனப் பல இடங்களில் மருத்துவம் நடந்தது. அக்காலத்து வைத்தியர்கள் க்ஷயரோகம் என்று கருதினர்; 1994-இல் மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாகவே இருத்தல் வேண்டும், கண்டறிந்திருந்தால் அன்றே குணப்படுத்தியிருக்கலாம் என்று எழுதினார். படுத்த படுக்கையிலும் அவர் எழுதினார். ஜானகி அம்மாள் தாள்களை எடுத்துப் பத்திரப்படுத்தினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் அவர் ஆவி பிரிந்தது. கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்பர். ஒரு காலத்தில் கறுப்புத் தண்ணீர் என்று அஞ்சப்பட்ட இக்கடலைத் தாண்டி வந்து குடியமைத்து, கோயில் கட்டி, சங்கம் வைத்து வாழும் நமக்கு இச்செய்தி நெஞ்சை அறுப்பதாய் இருக்கிறது.

இருபத்தொரு வயதில் கைம்மை அடைந்த ஜானகி அம்மாள் தையற் கலை கற்றுத் திருவல்லிக்கேணியில் உழைத்து வாழ்ந்து, ஒரு பிள்ளையையும் எடுத்து வளர்த்து, 1994-இல் காலமானார். அவர் பத்திரப்படுத்திய தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜுக்குப் போய், டிரினிடி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976-இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். 600-க்கு மேற்பட்ட புதிய சூத்திரங்கள் அவற்றில் இருந்தன. அவர் இறந்து 56 ஆண்டுகளுக்குப் பின்னரும், அவர் நோட்டை எவரேனும் ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது! 2012 முதல் அவர் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

இவ்வரலாற்றை எழுதிய நோக்கத்தைக் கூறி முடிக்கிறோம். நம் காலனிப் பிள்ளைகள் அனைவரும் இராமாநுஜன் ஆவர் என்று நாம் சொல்லவில்லை. அத்தகையவர் நூற்றாண்டுக்கு ஒருவர். மற்றப் பாடங்களைப் புறக்கணிக்கலாம் என்றும் சொல்லவில்லை. புறக்கணித்ததனால் அவர் பட்ட பாட்டை மேலே கண்டோம். நாம் சொல்வது ஒன்றே. இராமசுவாமி ஐயர், சேஷு ஐயர், இராமச்சந்திர ராவ், நாராயண ஐயர், ஸ்பிரிங், ஹார்டி, நெவில் என்று எத்தனை பேர் அந்த நோட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தனர்! இவர்களுள் ஒருவர் அலட்சியமாக இருந்திருப்பினும், சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா ஓய்வு பெற்றுப் போயிருப்பார். உலகத்துக்கு ஒன்றும் தெரிந்திராது.

நோட்டைப் பார்ப்பதற்கு மேதையாக இருத்தல் வேண்டுவதில்லை. நேரமும் அன்பும் இருந்தால் போதும். மேலே குறிப்பிட்ட பையன் ஒர்க்ஷாப்புக்குப் போகவில்லை. தந்தையார் மனம் மாறினார். பையன் மறுதேர்வு எழுதி, பெருமையடித்துக்கொள்ளும் மதிப்பெண் இல்லாவிடினும், தேறிவிட்டான். தன் வழியில் விடை கண்டபின் புத்தகத்துச் சூத்திரத்தையும் எழுதிக் காட்டப் பழகிக்கொண்டான். இவ்வாண்டு முதல் ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம் சங்கத்தில் உட்கார நாம் எண்ணியிருக்கிறோம். படித்த அன்பர்கள் இன்னும் இருவர் மூவர் உடன் வந்தால் நலம். தாய்மார்கள் தம் பிள்ளைகளை அனுப்பும்போது மதிப்பெண் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, கணக்கு நோட்டை மட்டும் கொடுத்தனுப்புமாறு வேண்டிக்கொள்கிறோம்.

வாழ்க இராமாநுஜன் புகழ்! வளர்க நம் தமிழர் சங்கம்!